முழங்காலில் பத்து நிமிடம்

மார்ச் 3
முப்பத்து நான்காவது வாரம். குழந்தை இன்னும் உட்கார்ந்தே இருக்கிறது. தலை என் வலது விலாவுக்குக் கீழே, மகாராஜா தோரணை. இப்படியே இருந்தால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். நர்ஸ் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். முழங்காலிட்டுக் குனிந்து, கன்னம் தரையில் பட, இடுப்பைத் தூக்கிப் பத்து நிமிடம். திரும்பினாலும் திரும்பலாமாம்.

என் கையில் கன்றிப்போயிருந்த நீலத்தைப் பார்த்தார். பாத்ரூமில் வழுக்கியது என்றேன்.

"எத்தனை தடவம்மா வழுக்கும்?"

மார்ச் 4
ஒன்பது மணிக்கு என் வீட்டுக்காரர் என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். வழக்கம்போல, என் போனும் அவர் பையில்.

மார்ச் 6
அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எவ்வளவு தப்பாக ஓட்டினாலும் குரலே உயர்த்தமாட்டார் என்று ஊரே புகழ்கிறது. பக்கத்து இருக்கையில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டில் மட்டும் அதைப் பொருத்த மறந்துவிட்டார்கள்.

இன்று குழம்பில் உப்பு குறைவு. அறைந்ததில் காது இன்னும் இரைகிறது. நான் திரைச்சீலை தைக்கக் கொடுத்த தையல் கடை அக்கா அன்றைக்கே சொன்னார், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடு என்று. எப்படி வர? கதவின் மாற்றுச் சாவி தொலைந்துபோச்சாம், அவர் சொல்கிறார்.

மார்ச் 11
ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், இன்றும் திரும்பவில்லை. ஆபரேஷன் என்றால் உடம்பெல்லாம் பார்ப்பார்கள். அதுதான் அவருக்குப் பயம். வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்தினார். "வீம்பு, அப்படியே உன்ன மாதிரி" என்று இரண்டு கையாலும் என் வயிற்றை அழுத்தித் தள்ளினான். பிள்ளையோட தலைய! பாவி, பாவி. கத்தினேன். முடியைப் பிடித்துத் தரையில் தள்ளினான்.

"குனி. பத்து நிமிஷம். நான் பாக்குறேன்."

பிடரியில் அவன் கால். உள்ளே குழந்தை எட்டி உதைத்தது. உதை, நீயாவது உதை.

எப்போதும் ஹாலில்தான் குனிவேன். இன்று கண்ணெதிரே கட்டிலின் அடிப்பலகை. அதில் பழுப்பு டேப். டேப்புக்குள் சாவி. இந்த வயிற்றோடு இங்கே எங்கே குனியப்போகிறாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான், மூளைக்காரன். அவனே என் தலையைப் பிடித்து அதன் முன்னால் கொண்டுவந்து வைத்தான். பத்து நிமிடமும் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பதான் சொன்ன பேச்சு கேக்குற" என்றான்.

மார்ச் 12
ஒன்பது பத்து. ஆஸ்பத்திரி ஃபைல், இந்த நோட்டு, இரண்டு துணி. சாவி உள்பக்கத் துவாரத்தில் பொருந்துகிறது. போகிறேன்.

மார்ச் 14
கடைக்கு வந்தான். பாதி இறக்கியிருந்த ஷட்டரை உதைத்தான். கல்லெடுத்து அடித்ததில் கடைக் கண்ணாடி முழுக்க நொறுங்கியது. அக்கா துணி வெட்டும் கத்தரியைக் கீழே வைக்காமலே வாசலில் நின்றார்.

"ஒரு அடி உள்ள வை, பாப்போம்."

போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை மாடியில் நடுங்கிக்கொண்டிருந்தேன். பயம் மட்டும்தானா? அந்தக் கத்தரி என் கையில் இருந்திருந்தால் குத்தியிருப்பேன். சத்தியமாகக் குத்தியிருப்பேன்.

மார்ச் 25
நர்ஸ் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"தலை கீழ வந்துடுச்சும்மா. பயிற்சிய விடாம செஞ்சீங்களா?"

அந்த வீட்டை விட்டு வந்த பிறகு ஒரு நாள்கூடக் குனியவில்லை என்றேன். என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். புது நீலம் ஒன்றுகூட இல்லை.

மாடி அறைக்கு வந்து, கதவை உள்ளே இருந்து நானே பூட்டினேன்.