ஏழாவது தகப்பன்

தராஸ்,
மே 11

அன்புள்ள தொல்கின்,

ஏழு தகப்பன்மார்களை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது, தன்னிலிருந்தா, அப்பாவிலிருந்தா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. நாற்பத்தொன்பது வயதில் இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு தலைமுறைக்குள் பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்பது சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த சேதி. அந்த ஏழில் நான் சேர்த்தியா இல்லையா என்று ஒருவரையும் கேட்டதில்லை.

உன் சித்தப்பாவைக் கேட்டேன். "இதுல என்ன அண்ணி சந்தேகம்? நம்ம வீட்டுல எப்பவும் தன்னிலிருந்துதான். நானே இல்லாம என் அப்பன் எங்கிருந்து வருவான்?" என்று சிரித்தார். பரிசோதனைக் கூடத்தில் என் அடுத்த மேஜைக்காரி சவுலே, "அப்பாவிலிருந்துதான் அக்கா. தன்னைத்தானே யாராவது தகப்பன்னு எண்ணுவாங்களா?" என்றாள். இரண்டும் எனக்குச் சரியாகவே பட்டன. இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் இதுதான்.

போன வாரம் சித்தப்பா சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொண்ட பெயர்களை என்னிடம் கேட்காதது நல்லதாயிற்று. உன் தாத்தா போய் எத்தனையோ வருஷமாகியும் அவர் பெயரை என் வாய் சொல்வதில்லை. கணவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும் சொல்வதில்லை.

மலையில் பனி உருகி ஆறு கலங்கிவிட்டது. நகரத்துக் குழாய்த் தண்ணீரை இரவு பகலாகச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். உன் வைவாவுக்கு வர முடியுமா என்று சந்தேகமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. ஆகஸ்டில் கல்யாணத்துக்குச் சேர்த்து லீவு எடுத்துக்கொள்கிறேன். போன செப்டம்பரில் ஓரின்பெக் சம்பந்தி வீட்டார் வந்து, தௌரெனுக்கு நிச்சயமென்று உனக்குக் காதணி போட்டுவிட்டுப் போனதிலிருந்து இந்தத் தெருவே தேதி கேட்கிறது.

ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன் என்கிறாய். ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கிறவள் பாதிப் பேச்சில் போனை வைக்கமாட்டாள். போனில் நீ சொல்லவும் மாட்டாய், நான் கேட்கவும் மாட்டேன். எழுது.

அம்மா

*

அல்மாட்டி,
மே 14

அன்புள்ள அம்மா,

எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

என் ப்ராஜெக்ட் என்னவென்று உனக்குத் தெரியும். நானும் தௌரெனும் சேர்ந்து எழுதும், வம்ச வரிசைகளைச் சேர்த்து வைக்கும் நிரல். இரண்டு பேர் பெயரைக் கொடுத்தால், அவர்கள் கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று சொல்லும். எங்கள் கைடு லுட்மிலா பாவ்லோவ்னா முதல் வகுப்பிலேயே சொன்னது ஒன்றுதான்: ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், பயன்படுத்தப் போகிறவரிடம் போய் அவருக்கு என்ன வேண்டும் என்று கேள், எழுதிக் கையெழுத்து வாங்கு, உன் அபிப்பிராயத்தைப் பையில் போட்டுக்கொள்.

தௌரெனின் ஊரான மெர்க்கேயில் கல்யாணம் பேசுகிறவர்கள் முதலில் போய் நிற்பது அவன் அப்பாவிடம். அதனால் அவரிடமே, நம் ஓரின்பெக் அகாவிடமே கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசினார். "ஏழு. அப்பாவிலிருந்து. எழுதிக்கோ மகளே. இதுல இடம் குடுத்தா ஏழு ஆறாகும், ஆறு அஞ்சாகும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது. நாங்கள் எதையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்கள். நான் பூஜ்யம், அப்பா ஒன்று.

காதணி போட்ட அன்று நடந்தது நினைவிருக்கிறதா? ஓரின்பெக் அகா தௌரெனின் ஏழு பேரைச் சொன்னார், தன்னிலிருந்து தொடங்கி. அதாவது தௌரெனின் அப்பாவிலிருந்து. அப்பா இடத்தில் சித்தப்பா எழுந்து என் ஏழு பேரைச் சொன்னார், என் பெயரிலிருந்து தொடங்கி. நம் வரிசை ஒரு தலைமுறை முன்னாலேயே நின்றுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு பெயரும் ஒத்துப்போகவில்லை என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

போன வாரம் சித்தப்பா உற்சாகத்தில் இன்னும் இரண்டு பெயர் சொன்னார். அன்று நாம் நிறுத்திய இடத்துக்கு அடுத்த பெயர் தொய்பஸார். தௌரெனின் ஏழாவது பெயரும் தொய்பஸார். வேறு ஆளாக இருக்கலாம் என்று நினைத்துச் சித்தப்பாவைக் கேட்டேன். ஒற்றைக் கண்ணர், குளிர்காலத்தில் மந்தையோடு தலாஸ் ஆற்றங்கரையில் இருந்தவர் என்றார். ஓரின்பெக் அகா சொன்ன தொய்பஸாருக்கும் ஒரு கண்தான், அதே கரைதான்.

தௌரெனிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.

"எங்க வீட்டுக் கணக்குல கூடாது, உங்க வீட்டுக் கணக்குல கூடும். அவ்வளவுதானே? உங்க கணக்கையே வச்சுக்கோ" என்றான்.

"கையெழுத்துப் போட்டது உங்கப்பா."

"அப்பாவுக்கு ஜீரோ எங்க இருக்கு, ஒன்னு எங்க இருக்குன்னு தெரியுமா? ஒரே ஒரு எழுத்து, தொல்கின். மாத்திட்டு சாப்பிட வா."

நானும் சிரித்தேன். ஆனால் எதையும் மாற்றவில்லை.

அகா வைவாவுக்கு வருகிறார் அம்மா. 'என் மருமக என் பேச்சைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா' என்று மெர்க்கே முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் என்ன செய்யட்டும்? நீ எதையும் நம்பாதவள். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

உன்
தொல்கின்

*

தராஸ்,
மே 18

அன்புள்ள தொல்கின்,

முதலில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏழு தலைமுறைக்கு முன்னால் இருந்த ஒருவரின் ரத்தம் உங்கள் இருவரிடமும் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு குறைந்த அளவு தண்ணீரில் இருந்தால் நாங்கள் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். உங்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு இதனால் ஒன்றும் வராது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நீ கேட்பது அது இல்லை. அந்த விதியை நான் நம்பவில்லை. நம்புகிற ஒருவருக்கு நீ ஒரு கருவி செய்து தருகிறாய். அவர் அதை நாளைக்கு வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் வைத்துப் பார்ப்பார். எங்களிடமும் சிலர் வந்து நிற்பதுண்டு. ஒரு குழாயில் அளவு மீறினால், "வேற குழாய்ல எடுத்துப் பாருங்களேன் மேடம்" என்பார்கள். வேறு குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். அதனால் முதல் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு என்ன லாபம்?

என்ன முடிவெடுப்பது என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். வைவாவுக்கு முன்னால் இருவரும் சேர்ந்து போய் ஓரின்பெக் சம்பந்தி எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். அவர் திட்டலாம். ஏதாவது வழியும் கண்டுபிடிக்கலாம். எத்தனை கண்டிப்பான விதியும் மனிதர்கள் கையில்தான் இருக்கிறது. சபையில் வைத்து மட்டும் அவருக்கு இது தெரிய வேண்டாம்.

இன்னொன்று. தௌரெனைப் பற்றி நான் உன்னிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது என் சுபாவம். எனக்கு அவனைப் பிடிக்கும். போன கோடையில் நம் கூரை ஒழுகியபோது, யாரும் கேட்காமல் ஏறி அடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிக் கை கழுவிக்கொண்டான். அடுத்த மழையில்தான் எனக்கே தெரிந்தது. இதையும் தெரிந்துகொண்டு முடிவெடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

*

அல்மாட்டி,
ஜூன் 6

அன்புள்ள அம்மா,

வைவா முடிந்தது. ஐந்துக்கு ஐந்து. லுட்மிலா பாவ்லோவ்னா என்னை அணைத்துக்கொண்டார். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

நீ சொன்னபடி இருவரும் சேர்ந்து மெர்க்கே போகலாம் என்றேன். "அப்பாகிட்ட நானே சொல்றேன், நீ வந்தா அவர் வாயே தெறக்க மாட்டார்" என்றான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போயிற்று.

நேற்று கடைசியாக எல்லா டெஸ்டையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை, அதாவது எல்லாம் சரி. சும்மா எங்கள் இருவர் பெயரையும் கொடுத்தேன். 'தடையில்லை' என்று வந்தது. அம்மா, எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். தொய்பஸார் வேறு யாரோ, எங்கோ தப்பாக எழுதியிருந்தேன், இப்போது சரியாகிவிட்டது என்று ஒரு கணம் நம்பினேன்.

பிறகு பார்த்தேன். நிரலில் யார் எதை மாற்றினாலும் அது பெயரோடு பதிந்துகொள்ளும். தௌரென் பூஜ்யத்தை ஒன்றாக்கியிருந்தான். அதுமட்டும் இல்லை. ஏழாவது தகப்பன் இருவருக்கும் ஒருவராகவே இருந்தால் 'கூடாது' என்று வருகிறதா என்று பார்க்க நான் எழுதிவைத்த டெஸ்டையும் மாற்றியிருந்தான். பக்கத்தில் 'சிறு திருத்தம்' என்று ஒரு குறிப்பு.

"உனக்காகத்தான் பண்ணேன்" என்றான்.

"என்கிட்ட சொல்லாமலா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"அப்பாகிட்ட சொன்னியா?"

லேப்டாப்பை மூடினான். "இனிமே சொல்ல என்ன இருக்கு? அதான் சரியாயிடுச்சே."

'இது இப்படித்தான் அப்பா, ஆனாலும் கட்டிக்கப்போறோம்' என்று அவன் சொல்லியிருந்தால், அவர் வீட்டை விட்டே துரத்தினாலும் நான் பக்கத்தில் நின்றிருப்பேன். அவர் கையெழுத்துக்கு அடியில் இதை மறைத்து வைத்துவிட்டு, ஆயுள் முழுக்க அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொடுக்க என்னால் முடியாது. இரண்டையும் பழையபடி மாற்றினேன்.

இன்று காலை அகா தொப்பியும் புதுக் கோட்டுமாக வந்து கூடத்துக்கு வெளியே நின்றிருந்தார். தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். தௌரென் மாற்றியதைச் சொல்லவில்லை. தொய்பஸாரை மட்டும் சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நீ செஞ்சது ஒழுங்கா வேலை செய்யுதா?"

"செய்யுது அகா."

"அப்ப உள்ள போய்க் காட்டு."

உதாரணத்துக்கு இரண்டு பேரைப் போட்டுக் காட்டச் சொன்னார் தேர்வுக் குழுத் தலைவர். நான் வேறு பெயர்களைத் தயாராக வைத்திருந்தேன். பின்வரிசையிலிருந்து அகா எழுந்தார். "என் மகனையும் அந்தப் பொண்ணையும் போடுங்க" என்றார். போட்டேன். 'ஏழாவது தகப்பன்: தொய்பஸார். கூடாது.' தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. லட்சம் பெயர் இருந்தால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார். பதில் சொன்னேன். தௌரென் அதற்குள் வெளியே போய்விட்டான்.

நாளை ஊருக்கு வரும் என் அறைத்தோழியிடம் காதணிகளைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ கொண்டுபோய்க் கொடுத்துவிடு. என்னால் முடியாது.

தொல்கின்

*

தராஸ்,
ஜூன் 8

அன்புள்ள தொல்கின்,

உன் தோழி நேற்று வந்தாள். பெட்டியைக் கொடுத்தாள். சாப்பிடச் சொன்னேன், அவசரம் என்று போய்விட்டாள். நாளை காலைப் பேருந்தில் மெர்க்கே போகப் போகிறேன். அங்கே என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதுவும் சரியாக வரவில்லை.

நீ செய்தது சரிதான் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் தௌரென் செய்தது அன்பினாலா, அப்பாமேல் இருக்கும் பயத்தினாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூரையில் ஏறியதும் அதே பையன்தான்.

வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போ. நான் எதுவும் கேட்கமாட்டேன்.

இதோடு முடித்து அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. மறுநாளான இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் கிளம்பி வாசலுக்கு வந்தபோது வண்டி வந்து நின்றது. ஓரின்பெக் சம்பந்தி இறங்கினார். உள்ளே வந்து, பெரிய விருந்தாளிக்கான நடு இடத்தில் உட்கார்ந்தார். சாப்பாட்டு விரிப்பைப் போட்டுத் தேநீர் ஊற்றி, அப்பம் எடுத்து வைத்தேன். நானே உங்களைப் பார்க்க வருவதாக இருந்தேன் என்று சொல்லிப் பெட்டியை அவர் முன்னால் வைத்தேன்.

"எதுக்கு இது?"

"மொறைன்னு ஒண்ணு இருக்கே சம்பந்தி. பேச்சு முடிஞ்சுபோச்சுன்னா திருப்பித் தரணும்."

பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். விரிப்பின் மேலேயே என் பக்கம் தள்ளினார்.

"மருமகளுக்குப் போட்டதத் திருப்பி வாங்கலாம். தொய்பஸார் வம்சத்துப் பொண்ணுக்குப் போட்டத எப்படி வாங்குறது? அவ எங்க வீட்டுப் பொண்ணுன்னு அவளேதான் அத்தனை பேர் முன்னால காட்டினா."

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்களையும் இனிமே சம்பந்தின்னு கூப்பிட முடியாது. நீங்க எங்க வீட்டு மருமக." கொஞ்சம் சிரித்தார். "எம்பேரு உங்க வாயில வரக் கூடாது, தெரியுமில்ல?"

"உங்களுக்கு அவ மேல வருத்தம் இல்லையா?" என்று கேட்டேன்.

"வருத்தம் இருக்கு. எழுதிக் குடுத்தது நான். அவ எண்ணினா. எண்ணினவ மேல என்ன இருக்கு?" என்று சொல்லி, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார் பெரியவர்.

தௌரென் உள்ளே வரவில்லை. வண்டிப் பக்கத்திலேயே நின்றான். ஒரு கிண்ணம் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான். கிண்ணத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். உன்னைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தான்.

"அந்த எடத்துல மறுபடி ஒழுகுதா?"

"இல்லப்பா."

பெரியவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி போயிற்று. பெட்டியை உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். மத்தியானம் நல்ல மழை. ஒழுகவில்லை.

அம்மா