தகரமுத்துவுக்கு இரண்டாம் முறை கை ஒடிந்த ஞாயிறு

அன்புள்ள டெய்லர் மச்சான் ஏழுமலைக்கு,

நீ இப்போது இருக்கிற இடத்தில் தபால் பட்டுவாடா உண்டா என்று தெரியவில்லை. அதனால் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன். நம் ஜமுனாமரத்தூரில் ஒருவருக்கு ஒரு விஷயம் போய்ச் சேர வேண்டுமென்றால் அதை மற்ற எல்லோரிடமும் சொன்னால் போதும். என்னைப் பற்றிய எத்தனையோ ரகசியங்களை நான் அப்படித்தான் உன் மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

முதலில் சேதியைச் சொல்கிறேன். நம்முடைய ஆகாயக் கப்பல் தொடர் போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துபோய்விட்டது. கடைசி வாரத்திலாவது புதிதாக ஏதாவது காட்டுவார்கள் என்று பார்த்தால், பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டி ஓட்டிவிட்டார்கள். உன் பாஷையில் சொன்னால், வெட்டுத்துணி வாரம். சட்டை தைத்து மிச்சமான துண்டுகளை இணைத்துத் தலையணை உறை தைப்பாயே, அது மாதிரி.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஊராட்சி ஆபீஸ் டிவி ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. அதன் சாவி குமாஸ்தாவாகிய என் இடுப்பில் இருக்கிறது. ஞாயிறு காலையானால் பெட்டிக்கு முன்னால் நூறு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். மலைமேல் இருப்பதால் எங்களுக்குப் படம் நன்றாகவே விழும். பேச்சுதான் இந்தி. பம்பாயில் இரண்டு வருஷம் தையல் வேலை பார்த்தவன் என்கிற தகுதியில், ஏழுமலை பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லுவான்.

நரைத்த தாடிக் கேப்டனுக்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்தது நீ. கப்பலில் வைத்தியம் பார்க்கிற பெண் டாக்டரம்மா. உடம்பெல்லாம் தகடாக நடந்து வருகிற இயந்திர மனுஷன் தகரமுத்து. அந்தத் தொடரை எடுத்தவர்கள் அவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது இன்றுவரை இந்த மலையில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

உனக்கு எவ்வளவு இந்தி தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தோள், மார்பு, இடுப்பு, நீளம். அப்புறம் ‘கல் ஆவோ’, அதாவது நாளைக்கு வா. பம்பாயில் ஒரு தையல்காரனுக்கு இதற்குமேல் தேவைப்படவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தாய். குரல் ஏறினால் சண்டை, இறங்கினால் பாசம், ‘கல்’ என்று காதில் விழுந்தால் நாளைக்கு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஆகாயத்தில் கப்பல் ஓட்டினவன் நீ.

எனக்குப் பொறாமை இருந்தது மச்சான். அதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். பெட்டி ஆபீசுடையது, சாவி என்னுடையது, பத்திரிகையில் நாலு துணுக்கு எழுதினவனும் நான். ஆனால் வருகிற ஜனம் “டெய்லர் வந்துட்டாரா?” என்றுதான் கேட்கும். ஒருநாள் நீ வரத் தாமதமானதற்கு, ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நிறுத்தினால் கதை போய்விடும் என்றேன். “அவரு இல்லாம இன்னா கதை?” என்றாள் பச்சையம்மா.

பச்சையம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். முன்வரிசையில் புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு உட்காருவாளே, அவள்தான். அவளுடைய புருஷன் குடகுப் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போய் நாலு மாசமாகச் சேதி இல்லாமல் இருந்த நேரம். அந்த வாரம் டாக்டரம்மா அழுதுகொண்டு நின்றாள். பெரியவர் அவள் தோளைத் தொட்டு மெதுவாக ஏதோ சொன்னார். நடுவில் ‘கல்’ விழுந்தது. உடனே நீ, “அழாத கண்ணு. உன் வூட்டுக்காரன் நாளைக்கு வந்துருவான். நீ போய் சாப்பிடு” என்று பெரியவர் குரலிலேயே சொன்னாய். டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆனதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் பச்சையம்மாவின் புருஷன் பையோடு வந்து இறங்கினான். அதற்குப் பிறகு உன் வாக்கைப் பற்றி அவளிடம் யாராவது சந்தேகமாகப் பேச முடியுமா?

ஆறு மாசம் கழித்து அந்த முதல் வெட்டுத்துணி வாரம் வந்தது. பெரியவரும் டாக்டரம்மாவும் கப்பலில் ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டார்கள். கதவு திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்து யோசித்தார்கள். படம் தண்ணீரைக் கலக்கினது போல ஆடியது. பார்த்தால் தகரமுத்து மலையுச்சியிலிருந்து விழுகிறான், போன மழைக்காலத்தில் விழுந்த அதே இடத்தில்.

“அடப்பாவி, அதே பள்ளத்துல மறுபடியும் வுழுந்துட்டான்!” என்றார் கூலிவேலை முனுசாமி. “போன தபா ஒடிஞ்ச கையே இப்பத்தான் கூடிச்சு.”

“இது நெனப்பு, மாமா. பழசை நெனச்சுப் பாக்கறாங்க” என்றாய் நீ.

“ரூமைப் பூட்டிக்கினு பழசையே பேசறதுக்கு ஆகாசத்துக்கு எதுக்குப் போவணும்? எங்க மாமியா வூட்டுலயே தெனமும் அதுதான் நடக்குது” என்றது பின்வரிசையில் ஒரு பெண்குரல்.

ஆனால் பாதிப் பேருக்கு ஒரே சந்தோஷம். சாமை அறுப்பு நேரத்தில் பல வாரம் தவறவிட்டவர்கள் அவர்கள். “கை எப்படி ஒடிஞ்சதுன்னு தெரியாம இத்தினி நாளா தவிச்சினு இருந்தேன். இப்பத்தான் மனசு ஆறிச்சு” என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏற்கெனவே பார்த்தவர்கள் ஏமாற்று வேலை என்றார்கள். பார்க்காதவர்கள் பெரிய தர்மம் என்றார்கள். செத்துப்போன வில்லன் சிரித்துக்கொண்டே வந்தபோது மட்டும் இரண்டு கட்சியும் சேர்ந்து திட்டியது.

நீ அப்போது பெட்டியோரமாகக் குனிந்து என்னிடம் சொன்னாய்: “மச்சான், அன்னிக்கு எதுக்கு இன்னா சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்ல. மாத்திச் சொல்லி மாட்டுனா, அடுத்த பஸ்ல போளூருக்கு எறங்கிடுவேன். இந்த மலைப்பக்கமே வர மாட்டேன்.”

எனக்கு உன்னைவிட அதிகப் பயம். காரணம், முன்வரிசையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த மிலிட்டரி மாணிக்கம். அமிர்திப் பக்கத்து ஆள். பதினாலு வருஷம் வடக்கே இருந்தவன். லீவில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்குத் தெரிந்தது நிஜமான இந்தி.

நாங்கள் பயந்த காட்சியே வந்தது. டாக்டரம்மா அழுகிறாள். பெரியவர் தோளைத் தொடுகிறார். நூறு பேரும் உன் வாயைப் பார்த்தார்கள். நீ வாயைத் திறப்பதற்குள் பச்சையம்மா எழுந்து நின்று, “அழாத கண்ணு! உன் வூட்டுக்காரன் நாளைக்கு வந்துருவான். நீ போய் சாப்பிடு!” என்று பெரியவருக்குப் பதிலாக அவளே சொல்லி முடித்துவிட்டாள். ஒரு சொல் பிசகவில்லை. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மிலிட்டரி மெதுவாகத் திரும்பினான். “இன்னாம்மா சொல்ற? அவரு அப்படிச் சொல்லலயே. நேத்தே அந்தக் கதவைச் சாத்தச் சொன்னேனே, ஏன் சாத்தலன்னு கேக்கறாரு. திட்டு வாங்கி அது அழுவுது. கல்னா நேத்துன்னும் அர்த்தம், நாளைக்குன்னும் அர்த்தம்.”

அத்தனை தலையும் டிவியை விட்டு மிலிட்டரி பக்கம் திரும்பியது, ஞாபகம் இருக்கிறதா?

முனுசாமி மாமாதான் முதலில் பேசினார். “நேத்துக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தையா? அப்ப அந்த ஊர்ல கல்யாணத்துக்கு எப்படி நாள் சொல்லுவான்? ஜனங்க எல்லாம் நேத்தே போய்ட்டு வந்துருமே!”

“மிலிட்டரித் தம்பி, நீங்க பேசறது தரையில பேசற இந்திங்க. ஆகாசத்து இந்தி வேறங்க” என்றாள் பச்சையம்மா, மரியாதை குறையாமல்.

அப்போது நீ ஸ்டூலை விட்டு எழுந்தாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாய். “மிலிட்டரி சொல்றதுதாங்க நெஜம். எனக்கு இந்தி தெரியாது. தோள், மார்பு, இடுப்பு, நீளம், நாளைக்கு வா. இவ்ளோதான். மத்ததெல்லாம் நானா சொன்னதுங்க. மன்னிச்சுக்கங்க.”

அந்த நிமிஷத்தில் உன்னுடைய பிழைப்பு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் என்ன நடந்தது? பச்சையம்மா கண்கலங்கிப்போய்க் கூட்டத்தைப் பார்த்து, “பாத்தீங்களா? லீவுல வந்த மனுஷன் மனசு நோவக் கூடாதுன்னு எப்படி விட்டுக்குடுக்கறாரு!” என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நீ தலையில் அடித்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை உண்மையைச் சொன்னாய். சொல்லச் சொல்ல உன் அடக்கத்துக்குப் புகழ் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மிலிட்டரியே, “அட, அடுத்தது இன்னா சொல்றாருன்னு நீயே சொல்லுண்ணா. நீ சொல்றதுதான் நல்லா கீது” என்றான்.

பெட்டியைப் பூட்டிவிட்டு வரும்போது என்னைக் கேட்டாய், “யாரு மச்சான் மிலிட்டரியை இங்க இட்டாந்தது?”

“தானா வந்திருப்பான்” என்றேன்.

“எவன் இட்டாந்தானோ அவனுக்கு ஒரு சட்டை தெச்சுக் குடுக்கணும். ஒரு வருஷமா ஞாயித்துக்கெழமன்னா மாட்டிக்குவேனோன்னு ஒரே பயம். இன்னியோட போச்சு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

இட்டு வந்தவன் நான்தான் ஏழுமலை. வாரச் சந்தையில் அவனைப் பார்த்து, டீ வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன் என்று சொன்னவன் நான். நீ எல்லோர் முன்னாலும் திணறுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். உனக்கு அது தெரியுமா? தெரிந்துதான் அந்தச் சட்டைப் பேச்சை எடுத்தாயா? கேட்டுவிடலாம் என்று பல நாள் உன் கடை வாசல் வரை வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ எனக்கு இடுப்பளவு எடுத்து, போன வருஷத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாய். வந்த பேச்சு அதோடு போய்விடும்.

அப்புறம் இந்த மார்கழியில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன்னை ஏற்றின ஜீப் மலை இறங்கி முடிப்பதற்குள் நான் கேட்பதற்கு நீ இல்லாமல் போய்விட்டாய்.

போன ஞாயிறு அந்தக் கடைசி வாரத்துக்கு, உன் ஸ்டூலில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். எனக்கு உன்னளவுக்குக்கூட இந்தி தெரியாது, இடுப்பளவைத் தமிழில் சொல்லவே கூச்சப்படுகிறவன். ஆனால் ஒரு வேலையும் இருக்கவில்லை. ஒவ்வொரு பழைய காட்சிக்கும் நீ சொன்னதை ஜனமே சொல்லிவிட்டது. நான் ஒரே ஓர் இடத்தில், தகரமுத்து கும்பிடுகிறபோது “வணக்கம்” என்றேன். “அவரு ‘சௌக்கியமா’ன்னுதான் சொன்னாரு. தெரியலன்னா சும்மா கெட” என்று பச்சையம்மா அதட்டினாள். அவள் பக்கத்தில் புருஷனும் உட்கார்ந்து தலையாட்டினான். வெட்டுத்துணி வாரத்தைப் பற்றி இப்போது ஊரில் இரண்டு கருத்து இல்லை. இன்னும் நாலு வாரம் இதையே போட்டிருக்கலாம் என்கிறார்கள்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், நூறு பேருக்கு எதிரில் நின்று, அன்றைக்கு மிலிட்டரியைக் கூட்டி வந்து உன்னை மாட்டிவிடப் பார்த்தவன் நான்தான் என்று சொல்லப்போகிறேன். செத்துப்போன சிநேகிதனுக்குப் பெருமை சேர்க்கத் தன் தலையிலேயே பழியைப் போட்டுக்கொள்கிறான், எவ்வளவு நல்ல மனுஷன் என்று என்னையும் புகழப் பார்ப்பார்கள். நான் விட மாட்டேன். அவர்கள் நம்பி, என்னை நன்றாக நாலு திட்டுத் திட்டுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உன்னிடம் நேரில் திட்டு வாங்கியிருக்க வேண்டிய மச்சான்,
தணிகாசலம்