மூன்று விரல் ஓரம்

டிசம்பர் 4

மதிப்பிற்குரிய மொனியா மேடம் அவர்களுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். பிசேர்த்தில் கடல் காற்று உங்கள் இருமலுக்கு ஒத்துக்கொள்கிறதா? நான் மப்ரூகா. ஜன்னல் ஓரக் கடைசி பெஞ்சில், வாதி என்னும் அந்தக் காட்டாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். நினைவில்லாவிட்டால் பரவாயில்லை.

குடிமையியல் வகுப்பில் பள்ளி முற்றத்து உடைந்த குழாய் பற்றி எங்களைக் கடிதம் எழுதச் சொன்னீர்கள். என் தாளில் சிவப்பு மையில் மூன்று கேள்விகள் எழுதினீர்கள்: யாரிடம்? என்ன வேண்டும்? எப்போதுக்குள்? மூன்று முறை திருப்பி எழுத வைத்தீர்கள். பிறகு என் பெயரைச் சொல்லாமல் வகுப்பில் வாசித்தீர்கள். பத்து நாளில் குழாயில் தண்ணீர் வந்தது. அடுத்த குளிர்காலத்தில் நான் பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். பேருந்து கூட்டுரோட்டோடு திரும்பிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ஆலிவ் தோப்பும் நாய்களும். மழை பெய்தால் வாதியில் தண்ணீர்.

இப்போது என் தங்கை உமைமா அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. அவள் என்னைப் போல் அல்ல, நாக்கு நீளம். ஆனால் நவம்பரில் இரண்டு முறை முழங்கால்வரை நனைந்து வந்தாள். பாபா சொல்லிவிட்டார்: "லீவு முடிஞ்சதும் நீயும் வீட்டுல இரு. உங்க அக்கா இல்லாம பள்ளிக்கூடம் இடிஞ்சா விழுந்துச்சு?" லீவுக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

அக்டோபரில், பொது அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் எழுதுமாறு அவளுக்கு வகுப்பில் பாடம் கொடுத்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருவரும் உட்கார்ந்து நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதினோம். முதல் வரியிலேயே: கூட்டுரோடு வரை வரும் காலை ஆறரை மணிப் பேருந்து, வாதிக்கு இந்தப் பக்கம் உள்ள பதினொரு மாணவிகளுக்காக இன்னும் ஐந்து கிலோமீட்டர் வர வேண்டும், மழைக்காலம் தொடங்கும் முன்பே வர வேண்டும்.

இருபதுக்கு ஆறு மதிப்பெண், மேடம். புதிய ஆசிரியர் சீ முன்சிஃப் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "கடைக்காரன்கிட்ட சாமான் கேக்குற மாதிரி எழுதியிருக்கே. முன்னுரை எங்க?" குடியுரிமை என்பது உரிமைகளும் கடமைகளும் என்று தொடங்கும் அந்தப் பத்தியை அவர் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார். மற்ற முப்பத்து மூன்று பேரும் அதையே எழுதி, நகராட்சி நட்ட மரங்களுக்கு நன்றி சொல்லிப் பதினைந்து வாங்கினார்கள். எங்கள் ஊரில் நகராட்சி நட்ட மரம் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் அன்று ரொட்டி மாவைப் பிசைந்த பிசைவில் அம்மா தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இருந்தாலும் பாபா அந்தத் தாளை எங்கள் வட்டாரத் தலைவர், உம்தா சீ லஸ்ஹரிடம் கொண்டுபோனார். அலுவலகத்துக்கு எதை அனுப்புவதென்றாலும் அவர் வழியாகத்தானே போக வேண்டும். சீ லஸ்ஹர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "யாரு எழுதினா இதை? கவர்னரு உத்தரவு போடுற மாதிரில்ல இருக்கு!" பிறகு அவரே ஒரு மனு எழுதி, எங்கள் வீட்டில் பத்தொன்பது ஆண்களைக் கூட்டிக் கையெழுத்து வாங்கினார். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். மனு என் கண்ணுக்கு நேராக, கம்பளத்தின் மேல் கிடந்தது. பக்கம் முழுக்க மேன்மை தங்கிய, பெருமை மிக்க, எங்கள் பணிவான வணக்கங்கள். கடைசியில், 'எங்கள் பகுதியின் அவசரத் தேவைகளைத் தங்கள் கருணைக் கண்ணால் நோக்குக.' பேருந்து இல்லை. மணி இல்லை. ஊர்ப் பெயர்கூட இல்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும். தட்டு கையிலேயே இருந்தது, தேநீர் ஆறியது, வாய் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து உமைமாதான் கத்தினாள்: "பஸ்ஸுன்னு ஒரு வார்த்தைகூட இல்லியே, சீ லஸ்ஹர்!" அவர் கோபப்படவில்லை. "பெரியவங்ககிட்ட நேரடியா கேக்கக் கூடாது மகளே. அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பாபாவும்தான்.

போன வாரம் பதில் வந்தது. எங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. கூடவே ஒரு லாரியில் இரண்டு பச்சை நிறக் குப்பைத் தொட்டிகள். "பாத்தீங்களா எழுத்தோட பலத்தை!" என்று சீ லஸ்ஹர் நெஞ்சை நிமிர்த்தினார். ஒன்றில் இப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டுக்கு வைக்கோல் போடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. உமைமா நேற்றும் அதைக் கடந்துதான் இருட்டோடு கூட்டுரோட்டுக்கு நடந்தாள்.

தொட்டிகள் வந்த அன்று மாலை பாபா தனியாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அந்த மனுவில் என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னொண்ணு எழுது. உன் மேடம் பாத்து சரின்னு சொன்னா நான் மொத கையெழுத்து போடுறேன். லஸ்ஹர் கோவிச்சா கோவிச்சுக்கட்டும்."

எழுதிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். பிசேர்த் போகும் வாடகை வேன் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் வியாழக்கிழமை திரும்புவார், உங்கள் பதிலை அவரிடமே கொடுக்கலாம். பதினொரு பிள்ளைகளின் பெயரும் வயதும் சேர்த்திருக்கிறேன். வாதியில் தண்ணீர் ஏறிய தேதிகளும் உண்டு. மேன்மை தங்கிய என்பது ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அது இல்லாவிட்டால் பாபா கையெழுத்துப் போட மாட்டார், அதை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

என் மேல் இரக்கப்பட்டு நன்றாயிருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள், மேடம். தவறு இருந்தால் சிவப்பு மையில் அடியுங்கள். மூன்று முறை என்றாலும் திருப்பி எழுதுவேன், வீட்டில் நேரம் இருக்கிறது. தாளின் மேலே வழக்கம்போல் பெயர் எழுதிவிட்டேன். வகுப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஓரத்தில் நீங்கள் கேட்கும் மூன்று விரல் இடம் விட்டிருக்கிறேன்.

உங்கள் சிவப்புப் பேனாவில் மை வற்றாதிருக்கட்டும்.

உங்கள் மாணவி,
மப்ரூகா