கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்

வீட்டுக்கே வராத என் வீட்டுக்காரருக்கு,

நலமா? சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. உங்கள் மகள் தேர்வு எழுதி முடித்தாள். நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள், முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எனக்கு இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர் கைவிரித்ததை உங்கள் அண்ணன் போனில் சொல்லியிருப்பார்.

நேற்று ஒரு கொத்தனார் வந்தார். கதவைத் திறந்தது நான்தான். கையில் டேப்போடு, "இறந்தவங்க என்ன உயரம் இருப்பாங்கம்மா?" என்று கேட்டார். என் உயரம்தான் என்றேன். பாவம், என்னையே நிற்கவைத்து அளக்கத் தொடங்கினார். பாதியில் விஷயம் புரிந்து டேப்பைக் கீழே போட்டுவிட்டார். உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து விவரம் கேட்டேன். கல்லறையாம். நாலு பக்கமும் சிமெண்டு, மேலே பளிங்கு. "ஒரு பூச்சி உள்ள போகாதும்மா, நூறு வருஷம் அப்படியே இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னார். ஏற்பாடு உங்களுடையதாம்.

வந்த கோபத்தில் எனக்கு வலியே மறந்துவிட்டது. நீங்கள் கட்டிக்கொண்டது அறிவியல் டீச்சரை. இலையை ஆடு தின்னும், ஆட்டைப் புலி தின்னும், புலியைப் புழு தின்னும், புழு மண்ணாக்கியதை மறுபடி இலை தின்னும் என்று தொண்டை வறளக் கத்தியவள் நான். கடைசியில் நான் மட்டும் பூச்சி நுழையாத பெட்டியில் படுக்க வேண்டுமா? முடியாது. இந்த உடம்பு மண்ணிடம் வாங்கித் தின்று வளர்ந்தது. அதைப் பதுக்கி வைக்க நான் ஒப்ப மாட்டேன். புழு வரட்டும், வேர் வரட்டும், யார் வேண்டுமானாலும் வந்து தின்னட்டும்.

கொத்தனாரை அனுப்பிவிட்டேன். உங்கள் அண்ணன் ஓடிவந்து, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று குதித்தார். "அந்த நாலு பேரையும் அதுல படுக்கச் சொல்லுங்க" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். மயானத்தில் மகளே போய்ப் பேசிவிட்டாள்: வெறும் மண், சுற்ற ஒரு பருத்தித் துணி, மேலே ஒரு மரக்கன்று. கன்று வாங்கிவா என்றால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். நானும் வற்புறுத்தவில்லை.

பளிங்கு தேர்ந்தெடுக்க உங்களுக்கு நேரம் கிடைத்தது, லீவு மட்டும் கிடைக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். என்னை இப்படிப் பார்க்கப் பயம். பரவாயில்லை, பயந்துகொண்டே வாருங்கள்.

என் வகுப்பில் பாதிப் பேர் தப்பாக எழுதும் இடம் ஒன்று உண்டு. உடம்பின் உப்பும் சுண்ணாம்பும் மண்ணுக்குப் போய், வேறொன்றாகத் திரும்பி வரும். வெயிலிலிருந்து நமக்கு வந்த சூடு அப்படியில்லை. போனால் போனதுதான், எந்த வட்டத்திலும் திரும்பாது. என் கை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. வந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்கார டீச்சர்