செத்த பிறகு ஒரு சிரிப்பு

பெரியப்பா,

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாலே உங்கள் வாசனைதான் வருகிறது. மீசை ஒட்டுகிற கோந்தின் வாசனை. வார்னிஷ் போல மூக்கில் ஏறும். காம்பஸுக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் உங்கள் நரைத்த மீசை படுத்திருக்கிறது. உங்கள் மேக்கப் பெட்டியை நைனா ஏரிக்கரையில் போட்டுக் கொளுத்தியபோது இது ஒன்றைத்தான் என்னால் எடுக்க முடிந்தது. இது என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் உங்களுக்குப் பெரிய அஞ்சலி பேனர் வைத்திருக்கிறார்கள். கலையுலகச் சிகரமாம். கீழே வரிசையாக ஊர்க்காரர்களின் முகங்கள். அதில் முதல் முகம் யாருடையது தெரியுமா? டீக்கடையில் உங்களைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா பொணம், எப்ப எய்ந்து வந்த?” என்று கேட்பாரே, அவருடையது. கடையே சிரிக்கும். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். எனக்கு அவர் தலையில் கொதிக்கிற பாலை ஊற்ற வேண்டும் போலிருக்கும். இன்று பேனரைப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

அவர்களில் ஒருவராவது உங்கள் நடிப்பை ஒழுங்காகப் பார்த்திருப்பாரா? நான் பார்த்திருக்கிறேன். வாய்ப்பு குறைந்து, சென்னையை விட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்ட பிறகு, லீவு நாட்களில் டிவியில் மத்தியானப் படம் போட்டால் கூப்பிடுவீர்கள். “இப்ப வருவேன் பாரு” என்பீர்கள். வருவீர்கள். நான் கண்ணைச் சிமிட்டுவதற்குள், “அவ்ளோதான், போயிட்டேன்.” ஏட்டு, பூசாரி, கல்யாணப் பெண்ணின் அப்பா. ஒரு படத்தில் நீங்கள் வாட்ச்மேன். கதாநாயகன் உங்களை நீளமாகத் திட்டுவான். உங்களுக்கு ஒரு வசனமும் கிடையாது. காதில் செருகியிருந்த பீடியை மெதுவாக எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொள்வீர்கள். அந்தப் பீடியைத் தவிர அந்தப் படத்தில் எனக்கு எதுவும் நினைவில்லை. “பேசறவனுக்கு எய்தி குடுத்துக்கீறாங்க. கேக்கறவனுக்கு யாரு எய்தி குடுப்பா?” என்றீர்கள்.

அதிகமாக உங்களுக்குக் கிடைத்தது செத்துப்போகிற வேடம். உங்கள் தம்பியான என் நைனாவுக்கு அதில்தான் ஆத்திரம். “நெலத்த வுட்டுட்டுப் போயி பொணமா படுத்துக்கினு கீறான். இதெல்லாம் ஒரு பொயப்பா?” என்று உங்கள் காதுபடவே சொல்வார்.

சினிமாவில் செத்தால், ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிப்பார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாவு நடிப்போடு கழிந்துவிட வேண்டும் என்பதற்காக. ஒருமுறை மேனேஜர், “ஃபிலிம் வேஸ்ட்டு, எழுந்துரு” என்றாராம். பாடையில் படுத்தபடியே நீங்கள், “சிரிக்காம எய்ந்துக்க மாட்டேன் சார்” என்றீர்களாம். மாலையோடு, மூக்கில் பஞ்சோடு. கடைசியில் கேமராவை உங்கள் பக்கம் திருப்பினார்களாம்.

யூனிட் முழுக்கக் காத்திருந்தாலும் அசையாத அந்த ஆளுக்கு, வீட்டில் வாயே வராது. அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் கிழவர் வேடம் கிடைத்ததும் உங்களிடம்தான் ஓடிவந்தேன். நைனா ஒப்புக்கொள்ள மாட்டார் என்று அழுதேன். “நான் பேசறேன் ஒன் நைனாகிட்ட. நீ நாடகப் பாடத்த உருப்போடு” என்றீர்கள். தினமும் ராத்திரி சாப்பிடும்போது உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் தட்டைப் பார்த்தபடி ரசம் கேட்பீர்கள். படத்தில் எத்தனை பேரை அதட்டினீர்கள்! தம்பி வீட்டுச் சோறு என்றதும் பயந்துவிட்டீர்கள். அப்புறம் ஒரு காலையில் எழுந்திருக்கவேயில்லை.

வாசலில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே மாலை, அதே பஞ்சு. பாடையைத் தூக்கப் போனார்கள். யாரும் உங்களைச் சிரிக்கவிடவில்லை. நீங்கள் சிரிக்காமலே போகிறீர்கள் என்று எனக்குப் பகீரென்றது. அதனால் உங்களுக்குப் பதிலாக நான் சிரித்தேன். சத்தமாக. அத்தனை பெண்களும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நைனா அறைந்ததில் இரண்டு நாள் காது கேட்கவில்லை. ஏன் சிரித்தேன் என்று அம்மாகூடக் கேட்கவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கத்தான் கூட்டிப்போனார்கள்.

நாளை சாயங்காலம் ஆண்டு விழா. நாடகத்தில் நான் இருப்பதை நேற்று யாரோ நைனாவிடம் சொல்லிவிட்டார்கள். “நான் வந்து முன்னாடி குந்திக்கினு இருப்பேன். மேடையில ஒன்ன பாத்தேன், அத்தோட ஸ்கூலு முடிஞ்சிது. தாமல் ஊர்ல அத்த வூட்ல மாடு மேச்சிக்கினு கெட” என்றார். சொன்னால் செய்வார். அக்காவை அப்படித்தான் பத்தாவதோடு நிறுத்தினார்.

சற்று முன் வெளியே கட்டில் முனகியது. டார்ச்சை அணைத்தேன். “யார்ரா அது, உள்ள வெளிச்சம்?” என்றார் நைனா. “பொண்ணு தண்ணி குடிக்குது. நீ படுய்யா” என்று அம்மாவின் குரல் கேட்டது. நான் தண்ணீர் குடிக்கவில்லை என்று பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்குத் தெரியும்.

டீச்சரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். உங்களைத் திட்டிக்கொண்டே வரும்போது, நானும் தட்டைப் பார்த்து ரசம் கேட்கப் போகிறேனே என்று தோன்றியது. அது மட்டும் வேண்டாம், பெரியப்பா.

நாளை உங்கள் மீசையை ஒட்டிக்கொண்டு மேடை ஏறப் போகிறேன். கிழவர் கடைசிக் காட்சியில் செத்துப்போவார். “நீ விழுந்ததும் திரையை மூடிடுவோம், உடனே எழுந்து ஓடிடு” என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நான் ஓட மாட்டேன். திரையை விலக்கிக்கொண்டு நைனா உள்ளே வரட்டும். தலைமுடியைப் பிடிக்கட்டும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து ஒருமுறை சிரிப்பேன். அதற்குப் பிறகுதான் எழுந்திருப்பேன்.