வெயில் தின்ற பச்சை

ஜூன் 3

பள்ளிக்கூட பேனர் முடிந்தது. கயிறு கோக்கிற ஐலெட் வளையம் அடித்து அடித்துக் கட்டைவிரல் மரத்துவிட்டது.

மத்தியானம் கொழுந்தன் ஒரு ஆளைக் கூட்டிவந்தான். அந்த ஆள் நம் பிரிண்டிங் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான், மாடு பிடிக்க வந்தவன் பல்லைப் பார்க்கிற மாதிரி. அவன் போனதும் கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அண்ணன் இருந்தவரைக்கும் கலர் பார்த்து ஓட்டுனார். இப்ப யார் இருக்கா அண்ணி? சும்மா நின்னா இங்க் காஞ்சிடும். போற விலைக்குக் குடுத்துடுவோம்."

கெட்டவன் இல்லை. போர்டுக்கு ஃப்ரேம் அடிக்கிறவன், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். இந்த மாதம் முடியட்டும் என்றேன். ஏன் சொன்னேன்? என் வீட்டுக்காரர் போய், இவர் மெஷினும் போனால் அந்த இடத்தில் என்னதான் இருக்கும்?

ஜூன் 5

மருந்துக்கடைக்காரர் வந்தார். பக்கத்துக் கடையையும் வாங்கி, சுவரை இடித்துச் சேர்த்துவிட்டாராம். இவர் அடித்துக் கொடுத்த பழைய போர்டு அப்படியே இருக்க, அதை ஒட்டிப் புதுசு வேண்டும். இரண்டும் ஒரே போர்டாகத் தெரிய வேண்டும்.

கொழுந்தன் வாயைத் திறந்து சொல்லிவிட்டான், இந்த போர்டு நல்லபடியாக அமைந்துவிட்டால் மெஷினை விற்கும் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று.

ஃபைலைத் திறந்து பிரிண்ட் கொடுக்க எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான். கலர் மட்டும் இவர் கை. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிக் கூட்டி, கம்ப்யூட்டரில் கலர் ரீப்ளேஸ்மென்ட் என்ற பெட்டியைப் பிடித்தேன். மருந்துக்கடை பெயரிலேயே இவர் சேமித்து வைத்த பச்சை உட்கார்ந்திருந்தது! நின்றுகொண்டேதான் பட்டனை அழுத்தினேன். இவர் நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை. உயரமான மனுஷன், ஏற்றி வைத்தது வைத்தபடி இருக்கிறது.

பச்சை குளுகுளுவென்று இறங்கிவந்தது.

ஜூன் 7

மாட்டினோம். கீழே நின்று பார்த்தேன். அய்யோ. எங்களுடையது கிளி. பக்கத்தில் பழையது வெளுத்த மயில் கழுத்து.

"உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இப்படி வருமாம்மா?" என்றார் மருந்துக்கடைக்காரர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது. புதுக் கடை திறப்பதற்குள் மாற்றிக் கொடு என்றிருக்கிறார்.

ஜூன் 8

அதே ஃபைல். அதே பச்சை. அதே மெஷின். என்னங்க, நான் எங்க தப்பு பண்ணேன்?

ஜூன் 9

கண்டுபிடித்துவிட்டேன்!

புதுசைக் கழற்றத்தான் போனோம். பழைய போர்டின் மூலையில் ஒரு ஆணி கழன்றிருந்தது. அதையும் சரிசெய்துவிடலாம் என்று கொழுந்தன் பிரித்தான். ஃப்ரேமுக்குப் பின்னால் மடித்து அடித்திருந்த விளிம்பு திறந்துகொண்டது. உள்ளே கிளிப் பச்சை. நேற்று அடித்தது மாதிரி. புதுசில் வெட்டி மிஞ்சிய என் துண்டை அதன்மேல் வைத்தேன். எது இவருடையது எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

இவர் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. வெயில்! இத்தனை வருஷ வெயில் மஞ்சளைத் தின்றுவிட்டு நீலத்தை மிச்சம் வைத்திருக்கிறது. விற்றுவிட்டு வந்த பிறகு போர்டை யார் திரும்பிப் பார்க்கிறோம்?

கொழுந்தன் ஏணியிலேயே நின்றான். அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே, "அண்ணன் இழுத்துப் பிடிக்க நான் அடிச்ச ஆணி அண்ணி" என்றான். நானும் ஏணியைப் பிடித்தபடியே நின்றேன்.

ஜூன் 10

மெஷின் கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்தவள் சின்னப் பெண், பொறுமைசாலி. நாம் கொடுக்கிற கலரை மெஷின் தன் இஷ்டத்துக்குத்தான் புரிந்துகொள்ளுமாம். இது வந்தால் இதற்குப் பதில் அதை ஊற்று என்று நாம் உத்தரவு போட வேண்டுமாம். கேட்ட பிஸ்கட் இல்லையென்றால் கடைக்காரன் வேறு பாக்கெட்டைத் திணிப்பானே, அதுவா என்றேன். "அதேதான்க்கா. என்ன, இங்க கடைக்காரர் நீங்க" என்று சிரித்தாள்.

திரையில் சொட்டுக்குழாய் படத்தை அழுத்தி ஃபைலில் இருக்கும் பச்சையைத் தொட வேண்டும். பக்கத்துக் கட்டங்களில் ஒவ்வொரு இங்குக்கும் எவ்வளவு என்று நம்பர். மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கட்டம் கட்டமாக அடித்துப் பார்க்கச் சொன்னாள். அடித்தேன். ஒரே பச்சைக்குள் இத்தனை பச்சையா! சோறு ஆறியதுகூடத் தெரியவில்லை.

ஜூன் 11

கூத்து. உத்தரவை எல்லா வேலைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன் போல. செடி விற்கிறவர் போர்டில் இலையெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. "என்னக்கா, என் செடிக்கெல்லாம் குளிர் ஜுரமா?" என்றார். எல்லாவற்றுக்கும் என்று போட்டிருந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

ஜூன் 12

நல்ல வெளிச்சத்தில், அடித்துப் பார்த்த துண்டுகளோடு ஏணி ஏறினேன். கொழுந்தன் கீழே பிடித்துக்கொண்டான். மருந்துக்கடைக்காரர் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். ஒவ்வொன்றாகப் பழைய போர்டின்மேல் வைத்தேன். இது பச்சை, இது வெளிறல், இது அழுக்கு. அடுத்ததை வைத்ததும் "துண்டு எங்கேம்மா, கீழ விழுந்துடுச்சா?" என்று கத்தினார்.

விழவில்லை. என் விரலுக்கடியில்தான் இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்!

சிரித்துவிட்டேன். நடுத்தெருவில், ஏணிமேல் நின்று, வாய்விட்டு. இவர் போனபின் முதல் சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் பயமாகிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த அத்தை முகத்தில் எப்படி விழிப்பது? அத்தைக்கு யாரோ சொல்லியும் விட்டார்கள். "சிரிச்சா என்னடி? கலர் பொருந்துனா அவன் ஊரையே கூட்டுவானே, நீ பார்த்ததில்லையா" என்றார். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம்.

ஜூன் 13

புதுப் பச்சையைச் சேமிக்கும்போது கம்ப்யூட்டர் கேட்டது: பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கவா? கை நின்றுவிட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அப்படியென்றால் வேறு பெயர் கொடு என்றது. எழுத்தெழுத்தாகத் தட்டி, வெயில் என்று வைத்தேன். பட்டியலில் இவர் பச்சை மேலே, என் பச்சை கீழே.

ஜூன் 16

மாட்டியாயிற்று. ஒட்டு எங்கே என்று கொழுந்தனே தேடினான்.

ஜூன் 30

மெஷின் கேட்டவன் போன் செய்தான். "மெஷின் குடுக்கறதா இல்லீங்க. போர்டு ஏதாவது அடிக்கணுமா?" என்று கொழுந்தன் கேட்டது என் காதில் விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்து, மருந்துக்கடைக்காரரின் இன்னொரு கடையின் பழைய போர்டிலிருந்து வெட்டிய துண்டு வந்திருக்கிறது, அது வேறு மாதிரி வெளுத்திருக்கிறது, பாருங்கள் அண்ணி என்றான்.

நின்று நின்று முழங்கால் வலி. இவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. எழுந்து, திருகி, என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டேன்.