கோபக்கார விருந்தாளி

அன்புள்ள வீட்டுக்காரருக்குத் தனபாக்கியம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, போத்தலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களா?

நீங்கள் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கண்டி ஹோட்டலில் என்னை வேலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். பயிற்சியில் தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நானும் நடுங்கித்தான் கிடந்தேன். போன தடவை பரீட்சைத் தாள் முழுக்க இங்கிலீசு. என் பேரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை பயிற்சி கொடுக்க வந்த யசோதினி மிஸ், தாளே வேண்டாம், விருந்தாளி கோபப்பட்டால் என்ன செய்வோம் என்று அறையிலேயே நடித்துக் காட்டச் சொன்னார். அவருக்கே தோன்றிய யோசனையாம்.

எங்கள் சூப்பர்வைசர்தான் கோபக்கார விருந்தாளி. "ரூமை இன்னும் கூட்டலையா?" என்று கட்டிலில் உட்கார்ந்து கத்தினார். எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது. கத்தி முடியும்வரை பேசாமல் நின்றேன். பிறகு, "கோவம் நியாயந்தாங்க. நீங்க தேத்தண்ணி குடிங்க, அதுக்குள்ள கூட்டிடுறேன்" என்றேன்.

மிஸ் கைதட்டினார். "அக்கா, இதை எங்க படிச்சீங்க?"

"வீட்டுலதான் மிஸ். இருபது வருஷப் படிப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மிஸ் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். விளக்கு வைக்கும்போது அந்தப் பேரையும் சொல்லிக் கும்பிடுங்கள்.

நிரந்தரமாகிவிட்டதால் பண்டிகை நாளிலும் வேலை போடுவார்கள், தீபாவளிக்கு நினைத்தபடி லீவு போட முடியாது. நீங்கள்தான் வர வேண்டும். கொல்லையில் காய்த்த கொச்சிக்காய் கொஞ்சம் கொண்டு வாருங்கள். இங்கே சாப்பாட்டில் காரமே இல்லை. இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி உடுப்பு எடுங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். தாடியை வழித்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் என் அப்பா வந்திருக்கிறார் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

தனபாக்கியம்